டர்பன் வீட்டுப் பட்டறையில் பட்டை ரம்பம்: அமைப்பதும் அறுப்பதும் பேணுவதும்

டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் போன்ற பகுதிகளில், கார் நிறுத்தும் இடத்தில் பாதியைத் தச்சுப் பட்டறையாக்கிக்கொண்ட வீடுகள் உண்டு. தைப்பூசத்துக்கு முன் அங்கே காவடி வளைவுகளும் பக்கப் பலகைகளும் அறுபடும்; மற்ற மாதங்களில் பூசை மாடம், சமையலறை அலமாரி, கோயில் தேரின் இற்றுப்போன சட்டங்களுக்கு மாற்று என்று ஏதாவது வேலை நடந்துகொண்டிருக்கும். வளைவு உள்ள எந்த வேலைக்கும் பட்டை ரம்பத்தைவிட, அதாவது பட்டறையில் பேண்ட் சா என்றே வழங்கும், மேலும் கீழுமுள்ள இரு சக்கரங்களில் வளையமான பிளேடு ஓடும் இயந்திரத்தைவிட, ஏற்ற கருவி இல்லை. முதன்முறையாக ஒன்றை வாங்கியவருக்கும், மூடப்பட்ட தளவாடத் தொழிற்சாலை ஒன்றின் பழைய இயந்திரத்தைக் குறைந்த விலைக்கு எடுத்துவந்தவருக்கும் உதவும் வகையில் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

வட்ட ரம்பம் மரத்தை ஆளை நோக்கி எறியக்கூடியது. பட்டை ரம்பத்தின் பற்கள் மேலிருந்து கீழ்நோக்கி ஓடுவதால், அவை மரத்தை மேசையோடு சேர்த்து அழுத்துகின்றனவே தவிர எறிவதில்லை. இதனாலேயே இது சாதுவான இயந்திரம் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. இறைச்சிக் கடையில் உறைந்த ஆட்டுத் தொடையை எலும்போடு சேர்த்துத் துண்டாக்குவதும் இதே வகை இயந்திரந்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் அந்த எண்ணம் நிலைக்காது. பலம் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருக்கும்போது மரம் திடீரென்று விட்டுக்கொடுக்கும் கணத்தில்தான் கை பிளேடுக்குள் போகிறது. அவ்வளவு பலம் கொடுக்க வேண்டிய நிலை ஏன் வருகிறது என்று பார்த்தால், பிளேடு மழுங்கியிருக்கும், அல்லது வேலைக்குப் பொருந்தாத பிளேடாக இருக்கும், அல்லது இழுவிசை போதாமலிருக்கும், அல்லது பிளேடு விலகாமல் பக்கங்களில் தாங்கும் கைடுகள் இடம் மாறியிருக்கும். ஆகவே கீழே விவரிக்கப்படும் அமைப்பு வேலைகள் அனைத்தையும், அறுப்பின் அழகுக்காக மட்டுமல்லாமல், விரல்களின் பொருட்டும் செய்ய வேண்டும்.

இடமும் மின்சாரமும்

வீட்டுப் பட்டறைகளில் பெரும்பாலும் காணப்படுவது 14 அங்குல இயந்திரம். சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 350 மி.மீ. இருப்பதால் அந்தப் பெயர். அது ஒரு குதிரைத்திறன் அல்லது ஒன்றரைக் குதிரைத்திறன் மோட்டாருடன் வரும். 230 வோல்ட் வீட்டு மின்சாரத்திலேயே ஓடும். சுவரிலுள்ள பிளக்கிலிருந்து நேரடியாக இணைப்பதே நல்லது. நீட்டிப்புக் கம்பி தவிர்க்க முடியாதது என்றால், 2.5 சதுர மி.மீ. குறுக்களவுள்ள கம்பியை வாங்கி, சுருளிலிருந்து முழுவதும் அவிழ்த்துவிட்டுப் பயன்படுத்த வேண்டும்; சுருட்டிய நிலையிலேயே மின்சாரம் பாய்ந்தால் கம்பி சூடேறி உருகும்.

தொழிற்சாலையிலிருந்து வந்த பழைய இயந்திரமாக இருந்தால், அது மூன்று முனை மின்சாரத்துக்கானதா என்று முதலில் மோட்டாரின் தகட்டைப் பார்க்க வேண்டும். அப்படியென்றால் இணைப்பைத் தகுதி பெற்ற மின்பணியாளரிடமே விட்டுவிட வேண்டும். இணைப்புக் கொடுத்த பிறகு, பிளேடை மாட்டாமல், மோட்டார் எந்தத் திசையில் சுற்றுகிறது என்று பார்ப்பது இன்றியமையாதது. மூன்று கம்பிகளில் இரண்டு இடம் மாறினாலே மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். அந்த நிலையில் பிளேடு மேசையிலிருந்து மேல்நோக்கி ஓடி, மரத்தைத் தூக்கிவிடும்.

தென்னாப்பிரிக்காவில் இயந்திரம் வைத்திருப்பவர் எவரும் லோட் ஷெடிங்கை, அதாவது முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவதை, மறந்துவிட முடியாது. அறுத்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், ஆள் அறையைவிட்டு வெளியே போய்விடுவார். இரண்டு மணி நேரம் கழித்து மின்சாரம் திரும்பும்போது, சாதாரண சுவிட்ச் உள்ள இயந்திரம் தானாகவே ஓடத் தொடங்கும். அப்போது பட்டறையில் பந்தைத் தேடி நுழைந்த பிள்ளை இருக்கலாம். மின்சாரம் நின்றதும் தானே விடுபட்டு, பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தினால் மட்டுமே இயங்கும் சுவிட்ச் இதற்கென்றே இருக்கிறது. புதிய இயந்திரங்கள் பலவற்றில் அது இருக்கும். பழையதில் இல்லையென்றால், புதிய பிளேடு வாங்கும் முன் அதைப் பொருத்த வேண்டும் என்பதே என் கருத்து. மின்வெட்டு குறைந்துவிட்ட காலத்திலும் இந்தச் செலவு வீண் அல்ல, ஏனெனில் பட்டறையில் மின்கசிவுக் காப்பு விழுந்து மீண்டும் தூக்கப்படும்போதும் இதே ஆபத்து உண்டு.

இயந்திரத்தின் அடிப்பகுதி ஆடாமல் நிற்க வேண்டும். தரை சமமில்லையென்றால் காலுக்கடியில் ஆப்பு வைத்துச் சமப்படுத்த வேண்டும். நீளமான பலகையைத் தள்ளுவதற்கு முன்னும் பின்னும் இடம் வேண்டும். கூலிக்கு ஆள் வைத்து வேலை நடக்கும் பட்டறையென்றால், அது 1993ஆம் ஆண்டின் 85ஆம் எண் தொழில்சார் உடல்நலம், பாதுகாப்புச் சட்டத்துக்கும் அதன்கீழ் வந்த இயந்திர விதிகளுக்கும் உட்பட்டது; மரத்தை அறுக்கத் தேவையான பகுதியைத் தவிர பிளேடின் மற்ற பகுதி முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும் என்பது அந்த விதிகளின் சாரம். வீட்டில் தனியாக வேலை செய்பவருக்கும் இதைவிடக் குறைவான ஏற்பாடு போதும் என்று சொல்ல முடியாது.

பிளேடைத் தேர்ந்தெடுத்தல்

இயந்திரத்தோடு வரும் பிளேடை வைத்து இயந்திரத்தை எடைபோடக் கூடாது. அது பெரும்பாலும் மலிவானது. நல்ல பிளேடு ஒன்றை மாட்டிய பிறகே இயந்திரத்தின் தரம் தெரியவரும்.

நீளம் தெரியாத பழைய இயந்திரத்துக்குப் பிளேடு வாங்க வேண்டுமென்றால் கணக்கிட்டுக்கொள்ளலாம். மேல் சக்கரத்தை அதன் ஏற்ற இறக்கத்தின் நடுவில் நிறுத்தி, இரு சக்கரங்களின் மையங்களுக்கு இடையிலான தூரத்தை அளந்து, அதை இரண்டால் பெருக்கி, அதனோடு சக்கர விட்டத்தை 3.14ஆல் பெருக்கிய தொகையைக் கூட்ட வேண்டும். 350 மி.மீ. விட்டமும் 638 மி.மீ. மையத் தூரமும் இருந்தால் 1276 உடன் 1099 சேர்ந்து 2375 மி.மீ. வரும். பிளேடு விற்கும் கடையில் அந்த நீளத்துக்கு வெட்டிப் பற்றவைத்துக் கொடுப்பார்கள்.

அடுத்தது அகலம். பிளேடு எவ்வளவு அகலமோ அவ்வளவு நேராக ஓடும். எவ்வளவு குறுகலோ அவ்வளவு இறுக்கமாக வளையும். 6 மி.மீ. பிளேடு ஏறத்தாழ 16 மி.மீ. ஆரமுள்ள வளைவுவரை திரும்பும்; 10 மி.மீ. பிளேடுக்கு 36 மி.மீ. ஆரமும், 13 மி.மீ. பிளேடுக்கு 64 மி.மீ. ஆரமும் வேண்டும். 3 மி.மீ. பிளேடு 5 மி.மீ. ஆரத்திலும் திரும்பிவிடும், ஆனால் அது எளிதில் அறுந்துபோவதால் தொடக்கநிலையில் இருப்பவருக்கு ஏற்றதல்ல. காவடியின் பெரிய வளைவு 300 மி.மீ. ஆரத்தில் இருக்குமென்றால், அதற்கு 10 மி.மீ. பிளேடு தாராளமாகப் போதும். பக்கப் பலகையிலுள்ள மயில் கழுத்துப் போன்ற சிறு சுழிவுகளுக்கு மட்டும் 6 மி.மீ. பிளேடை மாட்டலாம்.

பற்களின் எண்ணிக்கை மரத்தின் கனத்தைப் பொறுத்தது. எந்த நேரத்திலும் குறைந்தது மூன்று பற்கள் மரத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஆறு முதல் பன்னிரண்டு வரை இருப்பது நல்லது. ஓர் அங்குலத்துக்கு 6 பற்கள் உள்ள பிளேடு 25 மி.மீ. பலகைக்குச் சரியானது. 150 மி.மீ. உயரமுள்ள கட்டையை நிறுத்திவைத்துப் பிளக்க 3 பற்கள் உள்ள பிளேடு வேண்டும், ஏனெனில் அதன் பற்களுக்கு இடையிலுள்ள பெரிய பள்ளங்களில்தான் அவ்வளவு மரத்தூள் தங்கி வெளியேற முடியும். மெல்லிய ஒட்டுப்பலகைக்கு 10 அல்லது 14 பற்கள். ஒரே பிளேடோடு தொடங்க விரும்புபவருக்கு நான் சொல்வது 10 மி.மீ. அகலம், அங்குலத்துக்கு 6 பற்கள் என்பதே. இரண்டாவதாக வாங்குவது 13 மி.மீ., 3 பற்கள். 14 அங்குல இயந்திரத்துக்கு 19 மி.மீ. பிளேடு பொருந்தும் என்று அட்டையில் எழுதியிருந்தாலும், அந்த அளவு பிளேடை முறையாக இழுத்துப் பிடிக்கும் வலு அதன் சட்டத்துக்குப் பெரும்பாலும் இருப்பதில்லை.

பிளேடை மாட்டி அமைக்கும் வரிசை

இங்கே வரிசையை மாற்றக் கூடாது. ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படியை நம்பியிருக்கிறது. கைடுகளைச் சரிசெய்துவிட்டுப் பிறகு இழுவிசையை மாற்றினால், கைடு வேலையை மறுபடியும் செய்ய வேண்டிவரும்.

முதல் படி, பிளக்கைப் பிடுங்குவது. சுவிட்சை அணைப்பது போதாது. பிளக்கின் முனை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் கிடக்க வேண்டும்.

இரண்டாவதாக, இரு கதவுகளையும் திறந்து, இழுவிசைக் குமிழைத் தளர்த்தி, மேலும் கீழுமுள்ள எல்லாக் கைடுகளையும், பிளேடின் முதுகைத் தாங்கும் பின் பேரிங்குகளையும் பிளேடின் பாதையைவிட்டு நன்றாக விலக்கிவைக்க வேண்டும். மேசையின் பிளவிலுள்ள திருகையும், பிளேடைச் சுற்றி மேசையில் பதிந்திருக்கும் நடுத்தட்டையும் எடுத்துவிட்டு, பழைய பிளேடைக் கழற்ற வேண்டும். இந்தச் சந்தர்ப்பத்தில் சக்கரங்களின் டயர்களைப் பார்த்துவிடுவது நல்லது. நகத்தால் அழுத்தினால் பதியாத அளவுக்கு இறுகிப்போன, அல்லது வெடிப்பு விட்ட ரப்பர் டயரில் எந்தப் பிளேடும் சீராக ஓடாது. அதை மாற்றியே ஆக வேண்டும். ஒட்டிக்கொண்டிருக்கும் மரத்தூளைத் தூரிகையால் நீக்க வேண்டும்.

மூன்றாவது, புதிய பிளேடை விரிப்பது. சுருட்டிக் கட்டிய பிளேடு முடிச்சை அவிழ்த்ததும் துள்ளி விரியும். கண்ணாடியும் தோல் கையுறையும் அணிந்து, உடலிலிருந்து தள்ளிப் பிடித்து, பக்கத்தில் ஆளில்லாத இடத்தில் அவிழ்க்க வேண்டும். பிளேடைக் கையால் விரிக்கவும் சுருட்டவும் மட்டுமே கையுறை வேண்டும்; இயந்திரம் ஓடும்போது அது கையில் இருக்கவே கூடாது. பிளேடை மேசையின் பிளவு வழியாக நுழைத்து இரு சக்கரங்களிலும் ஏற்றும்போது, மேசைக்கு மேலே பற்களின் முனை கீழ்நோக்கியும் ஆளை நோக்கியும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எப்படித் திருப்பினாலும் பற்கள் மேல்நோக்கியே இருந்தால் பிளேடு உட்புறம் வெளிப்புறமாகப் புரண்டிருக்கிறது. அதைக் கையால் முறுக்கிப் புரட்டினால் சரியாகிவிடும்.

நான்காவது படி ஓட்டம். பிளேடு நழுவாத அளவுக்கு மட்டும் இழுவிசை கொடுத்து, மேல் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே பிளேடு டயரின் எந்த இடத்தில் ஓடுகிறது என்று கவனிக்க வேண்டும். மேல் சக்கரத்தின் உச்சியைப் பின்னுக்குச் சாய்த்தால் பிளேடும் பின்னுக்கு நகரும். முன்னுக்குச் சாய்த்தால் முன்னுக்கு வரும். சாய்வுக் குமிழைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருகாமல், ஒவ்வொரு முறையும் சக்கரத்தை நாலைந்து சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். நடுவில் புடைத்த டயர் உள்ள இயந்திரங்களில் பிளேடு டயரின் நடுவே ஓட வேண்டும். பிறகு பூட்டு நட்டை இறுக்க வேண்டும்.

ஐந்தாவதாக, முழு இழுவிசை. இயந்திரத்தின் அளவுகோலில் 6, 10, 13 என்று எழுதியிருப்பது ஒரு குறிப்பு மட்டுமே. அதை அப்படியே நம்பக் கூடாது, ஏனெனில் பழகப் பழகச் சுருள்வில் தளர்ந்துவிடும். மேல் கைடை மேசையிலிருந்து 150 மி.மீ. உயர்த்திவைத்து, பிளேடின் நடுவில் விரலால் பக்கவாட்டில் மிதமாக அழுத்தினால், அது 6 மி.மீ. அளவுக்கு மேல் விலகக் கூடாது. வேறொரு முறையும் உண்டு: கைடுகள் விலகியே இருக்க, கதவுகளை மூடி, மேசையிலிருந்து தள்ளி நின்று இயந்திரத்தை ஓடவிட்டு, பிளேடு பக்கவாட்டில் படபடக்கத் தொடங்கும்வரை இழுவிசையைச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும், படபடப்புத் தொடங்கியதும் அது அடங்கும்வரை இறுக்கி, அதற்கு மேல் இன்னும் அரைச் சுற்று இறுக்க வேண்டும். குறுகிய பிளேடுகளுக்கு இம்முறை மிகவும் ஏற்றது. இழுவிசை மாறியதால் ஓட்டமும் சற்று மாறியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதை மறுபடி பார்க்க வேண்டும்.

ஆறாவது, மேசை. மூலைமட்டத்தை மேசைமீது வைத்து, பல்லில் படாமல் பிளேடின் உடலோடு சேர்த்துப் பார்த்து, 90 பாகையில் மேசையைப் பூட்ட வேண்டும். கைடுகளையும் அமைத்து முடித்தபின், மட்டம் சரிதானா என்று சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. உயரமான கட்டை ஒன்றில் சிறிதளவு அறுத்து, இயந்திரத்தை நிறுத்தி, கட்டையை மேசைமீதே அரைச் சுற்றுத் திருப்பி, பிளேடின் முதுகுப் பக்கமாகக் கொண்டுவந்து அறுப்புத் தடத்தில் பிளேடின் முதுகு நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். மேசை சாய்ந்திருந்தால் சாய்வு இரட்டிப்பாகத் தெரியும். பிளேடு தடத்துக்குள் நுழையாது.

ஏழாவதும் கடைசியுமான படி கைடுகள். பொறுமை அதிகம் வேண்டிய படியும் இதுதான். முதலில் பின் பேரிங்: பிளேடு சும்மா ஓடும்போது பேரிங்கைத் தொடக் கூடாது, மரத்தைத் தள்ளியதும் தொட வேண்டும். பிளேடின் முதுகுக்கும் பேரிங்குக்கும் இடையே அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான இடைவெளி போதும். அடுத்து பக்கக் கைடுகள்: இவற்றின் முன்விளிம்பு, பற்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தின் அடிக்கு ஏறத்தாழ 1 மி.மீ. பின்னால் நிற்க வேண்டும். முன்னால் வந்தால், தள்ளும்போது பற்கள் கைடில் உரசி ஒரே நிமிடத்தில் மழுங்கிவிடும். பக்கவாட்டு இடைவெளிக்கு ஒரு தாளின் கனம் போதும். இருபுறமும் தாள் துண்டை வைத்துக் கைடை நெருக்கி, திருகை இறுக்கியபின் தாளை உருவிக்கொள்ளலாம். அப்படி நெருக்கும்போது பிளேடை ஒரு பக்கமாகத் தள்ளிவிடாமல் கவனிக்க வேண்டும். மேல் கைடுகளுக்குச் செய்ததையெல்லாம் மேசைக்கு அடியிலுள்ள கைடுகளுக்கும் செய்ய வேண்டும். குனிந்து பார்க்கச் சோம்பல்பட்டுப் பலர் விட்டுவிடுவது இதைத்தான்; பிளேடு வளைந்து, அறுப்பு உள்ளே பீப்பாய்போல் புடைத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேசைத் திருகையும் நடுத்தட்டையும் திரும்ப மாட்டி, சக்கரத்தைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, எதுவும் உரசவில்லை என்று கண்டபின், கதவுகளை மூடிப் பிளக்கைச் செருகலாம்.

அறுக்கும் முன் ஆளும் உடையும்

கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்குக் காப்பு, காலுக்கு மூடிய செருப்பு. தொங்கும் சட்டைக்கை, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, கைக்கடிகாரம், மோதிரம் எல்லாம் கழற்றப்பட வேண்டும். நீளமான முடியை முடிந்துகொள்ள வேண்டும். காவடி எடுப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. விரதம் தொடங்கிக் காப்புக் கட்டியபின் மஞ்சள் கயிற்றை அவிழ்க்க மாட்டார்கள். அவிழ்க்கச் சொல்வதும் முறையல்ல. ஆகவே காவடிக்கான இயந்திர வேலை முழுவதையும் காப்புக் கட்டும் நாளுக்கு முன்பே முடித்துவிட்டு, அதன்பின் உப்புத்தாள் தேய்ப்பது, வண்ணம் பூசுவது, பூ அலங்காரம் ஆகியவற்றை வைத்துக்கொள்வதே சரியான திட்டம். இடையில் ஒரு துண்டு அறுக்க வேண்டிவந்தால் காப்பு இல்லாத வேறொருவர் அறுக்கட்டும்.

அறுத்தல்

மேல் கைடை மரத்தின் மேற்பரப்பிலிருந்து 6 மி.மீ. உயரத்துக்கு இறக்குவது முதல் வேலை. மரம் மாறும்போதெல்லாம் இதையும் மாற்ற வேண்டும். கைடு உயரத்தில் நின்றால் திறந்துகிடக்கும் பிளேடின் நீளமும் அதிகம், பிளேடு வளையும் வாய்ப்பும் அதிகம். இயந்திரம் முழு வேகத்தை எட்டியபிறகே மரத்தைப் பிளேடில் சேர்க்க வேண்டும். 14 அங்குல இயந்திரத்தில் பிளேடு நிமிடத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் ஓடுகிறது, அதாவது நொடிக்கு 15 மீட்டர். விரல் பட்டதை உணர்ந்து இழுப்பதற்கு நேரம் இராது. இந்த வேகம் மரத்துக்கானது. இரும்பை அறுக்க இதைவிடப் பத்து மடங்கு மெதுவான ஓட்டம் வேண்டும் என்பதால், இதில் இரும்பு வெட்டும் ஆசை வேண்டாம்.

இரு கைகளும் பிளேடின் கோட்டுக்கு இரு பக்கங்களில் இருக்க வேண்டும். எந்த விரலும், குறிப்பாகக் கட்டை விரல், பிளேடுக்கு நேராக நிற்கக் கூடாது. அறுப்பு முடியும் இடத்துக்கு 100 மி.மீ. இருக்கும்போது கையை எடுத்துவிட்டுத் தள்ளுகோலைப் பயன்படுத்த வேண்டும். முடிவை நெருங்க நெருங்கத் தள்ளும் வேகத்தைக் குறைக்க வேண்டும். மரம் விட்டுக்கொடுக்கும் கணம் என்று மேலே சொன்னது இதுதான். சிறு துண்டுகளைக் கையால் பிடித்து அறுக்காமல், பெரிய பலகையொன்றில் இருபக்க ஒட்டு நாடாவால் ஒட்டி அறுக்க வேண்டும். உருண்டைக் கட்டைகளுக்குத் தனிக் கவனம் தேவை. உருளும் கட்டையைப் பற்கள் தம்மோடு சுழற்றி, பிடித்திருக்கும் கையையும் உள்ளே இழுத்துவிடும். நடுவில் ஆங்கில வி வடிவப் பள்ளம் வெட்டிய கட்டையின்மேல் அதைப் படுக்கவைத்து, நகராமல் இறுக்கிய பிறகே அறுக்க வேண்டும்.

வளைவு அறுக்கும்போது கோட்டின்மேல் அறுக்காமல், கோட்டுக்கு வெளியே ஒரு மில்லிமீட்டர் விட்டு அறுத்து, பிறகு அரத்தாலும் உப்புத்தாளாலும் கோடுவரை தேய்ப்பது வழக்கம். இறுக்கமான வளைவுக்குள் பிளேடு முறுகிச் சிக்கிக்கொண்டால், ஓடும் நிலையில் மரத்தைப் பின்னுக்கு இழுக்கக் கூடாது. பிளேடு சக்கரத்தைவிட்டுக் கழன்றுவிடும். இயந்திரத்தை நிறுத்தி, சக்கரங்கள் முழுவதும் நின்றபின் மெல்ல விடுவிக்க வேண்டும். இந்தச் சிக்கலைத் தவிர்க்க, வளைவை அறுக்கும் முன்பே மரத்தின் ஓரத்திலிருந்து வளைவுக் கோடுவரை சில நேர் வெட்டுகளைப் போட்டுவைத்தால், கழிவு துண்டு துண்டாக விழுந்து பிளேடுக்குத் திரும்ப இடம் கிடைக்கும். காவடியின் இரு பக்கப் பலகைகளும் ஒன்றுபோல் இருக்க, இரண்டையும் நாடாவால் ஒட்டி ஒரே அறுப்பில் முடிக்கலாம்.

காவடி வளைவைப் பற்றி இன்னொன்று. அரைவட்டத்தை ஒரே பலகையிலிருந்து அறுத்தெடுத்தால், அதன் இரு தோள்களிலும் மரத்தின் நார் குறுக்கே ஓடும். பாரம் ஏறியதும் அங்கேதான் முறியும். மூன்று அல்லது நான்கு துண்டுகளாக அறுத்து, ஒவ்வொன்றிலும் நார் நீளவாக்கில் ஓடும்படி வைத்து இணைப்பது வலுவானது. அதைவிட வலுவானது, நேர்நாருள்ள கட்டையை 3 மி.மீ. தகடுகளாகப் பிளந்து, அச்சில் வளைத்துப் பசையிட்டு அடுக்குவது.

அப்படிப் பிளப்பதற்கு ஃபென்ஸ், அதாவது மரத்தை ஒட்டித் தள்ளுவதற்கு மேசையில் பூட்டும் நேரான தடுப்பு, வேண்டும், அதற்கு முன் பிளேடு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிய வேண்டும். நேர்விளிம்புள்ள பலகையில் விளிம்புக்கு இணையாகக் கோடு கிழித்து, ஃபென்ஸ் இல்லாமல் கோட்டைப் பின்தொடர்ந்து பாதிவரை அறுத்து, பலகையை அசைக்காமல் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். அந்த நிலையில் பலகை எந்தக் கோணத்தில் கிடக்கிறதோ அந்தக் கோணத்திலேயே ஃபென்ஸையும் பூட்டினால் பிளேடு கோட்டைவிட்டு விலகாது. கோணம் மிக அதிகமாக இருந்தால் ஃபென்ஸைத் திருகுவதில் பயனில்லை. பிளேடின் ஒரு பக்கப் பற்கள் மழுங்கியிருக்கும், அல்லது ஓட்டமும் இழுவிசையும் கெட்டிருக்கும். பிளக்கும்போது மெதுவாகத் தள்ளி, மோட்டாரின் ஒலி தாழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"டிக், டிக்" என்று சீரான இடைவெளியில் ஒலி கேட்டால் பிளேடில் வெடிப்பு விட்டிருக்கலாம், பெரும்பாலும் பற்றவைத்த இடத்தில். உடனே நிறுத்த வேண்டும். பிளேடு அறுந்தே போனால் சுவிட்சை அணைத்து, பின்னால் விலகி நின்று, சக்கரங்கள் அமைதியாகும்வரை கதவைத் தொடக் கூடாது. சக்கரங்கள் கனமானவை, சுவிட்சை அணைத்த பின்னும் கணிசமான நேரம் சுற்றும்.

மரமும் தூளும்

உள்ளூரில் கிடைக்கும் பைன் மரத்தில் பிசின் அதிகம். அது பற்களில் படிந்து, கூரிய பிளேடையும் மழுங்கியதுபோல் ஆக்கும். சலிக்னா என்று விற்கப்படும் யூகலிப்டஸ் மரத்துக்கு உள் இறுக்கம் உண்டு. பிளக்கும்போது அறுப்புத் தடம் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வினால், நிறுத்திவிட்டுத் தடத்தில் சிறு ஆப்பைச் செருகித் தொடர வேண்டும். கியாட் நம் வேங்கை மரத்தின் நெருங்கிய உறவு. அறுக்க இனிமையானது, ஆனால் அதன் தூள் மூக்கையும் மூச்சையும் உறுத்தும். தம்போட்டி மரத்தின் பாலும் தூளும் கண்ணுக்குத் தீங்கானவை. பச்சை சாயலுள்ள, மருந்தேற்றிய பைனில் செம்பு, குரோமியத்தோடு ஆர்செனிக்கும் இருக்கக்கூடும். அதன் தூளைச் சுவாசிக்கக் கூடாது, அதன் துண்டுகளை இறைச்சி சுடும் பிராய் அடுப்பில் எரிக்கவும் கூடாது. தம்போட்டிக்கும் இதே விதிதான். மரத்தூள் பொதுவாகவே புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வகைப்படுத்தியிருக்கிறது. ஆகவே தூள் உறிஞ்சியை இணைப்பதோடு எஃப்.எஃப்.பி. 2 தர முகமூடியும் அணிய வேண்டும்.

பேணுதல்

நாள் வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி, இழுவிசையைத் தளர்த்தி, அப்படித் தளர்த்தியதை ஒரு அட்டையில் எழுதிக் குமிழில் தொங்கவிட வேண்டும். தளர்த்தாமல் விட்டால் டயரில் பள்ளம் விழும், சுருள்வில் சோர்ந்துபோகும். அட்டை இல்லாவிட்டால் மறுநாள் காலை தளர்ந்த பிளேடோடு சுவிட்சைப் போடுவது நிச்சயம். கதவுகளைத் திறந்து கீழறையில் குவிந்த தூளை அள்ள வேண்டும். கீழ்ச் சக்கரத்தைத் துடைக்கும் சிறு தூரிகை தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும், ஏனெனில் டயருக்கும் பிளேடுக்கும் இடையே தூள் நசுங்கிப் படிவதைத் தடுப்பது அதுதான்.

டர்பனின் கடற்காற்றில் வார்ப்பிரும்பு மேசை ஓர் இரவிலேயே செந்நிறம் காட்டும். மெல்லிய எஃகுக் கம்பளியில் சிறிது எண்ணெய் தொட்டுத் துருவைத் தேய்த்தெடுத்து, நன்றாகத் துடைத்து, சிலிக்கோன் கலக்காத மெழுகைப் பூசி மெருகேற்ற வேண்டும். சிலிக்கோன் மரத்தில் ஒட்டினால் பிறகு வார்னிஷ் பிடிக்காது. மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை பூசுவது மிகையாகாது. மேசைமீது தேநீர்க் கோப்பையை வைப்பவரைப் பட்டறைக்குள் விடாமலிருப்பதும் பராமரிப்பில் அடங்கும்.

பேரிங்குகளைப் பிளேடு இல்லாதபோது விரலால் சுற்றிப் பார்க்க வேண்டும். கரகரப்பு இருந்தால் மாற்ற வேண்டும், அவை விலை அதிகமில்லாதவை. மோட்டார் பெல்ட்டில் வெடிப்பு உண்டா என்றும் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

பிசின் படிந்த பிளேடைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, உடனே உலர்த்தி, மெல்ல எண்ணெய் தடவ வேண்டும். பாரஃபினும், அதாவது மண்ணெண்ணெயும், பிசினைக் கரைக்கும், ஆனால் அது தீப்பற்றும் பொருள் என்பதால் இயந்திரத்தின் அருகிலும் மூடிய அறையிலும் கூடாது. சுத்தம் செய்த பின்னும் மரம் கருகினால், அல்லது தள்ளக் கை வலித்தால், பிளேடின் ஆயுள் முடிந்துவிட்டது. பல் முனை தனியாகக் கடினப்படுத்தப்பட்ட மலிவான பிளேடுகளைத் தீட்டி மாளாது; புதிதை வாங்குவதே சிக்கனம்.

நல்ல பிளேடைச் சுருட்டிவைக்க, பற்கள் வெளிப்புறம் பார்க்க அதைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, கீழ்ப்பகுதியை மூடிய செருப்பணிந்த காலால் மெல்ல மிதித்துக்கொண்டு, மேற்பகுதியை இரு கைகளாலும் கையுறையோடு பிடித்து ஒரு முழுச் சுற்று முறுக்கிக்கொண்டே கீழே இறக்க வேண்டும்; அது தானாகவே மூன்று வளையங்களாக மடியும். இரண்டு இடங்களில் கட்டி, அகலத்தையும் பற்களின் எண்ணிக்கையையும் எழுதிய சீட்டுடன், சிறுவர்கள் எட்டாத உயரத்தில் ஆணியில் மாட்டலாம். தேய்ந்த பிளேடை அப்படியே குப்பைப் பையில் போட்டால் பையைத் தூக்கும் தொழிலாளியின் கால் கிழியும். தகடு வெட்டும் கத்தரியால் சிறு துண்டுகளாக வெட்டி, தகர டப்பாவில் இட்டு மூடியை நாடாவால் ஒட்டி, பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுத்துவிட வேண்டும்.